வெட்கத்தில் மறைக்கும் நோயும் ஒரு புதிய மருந்தும்



இந்த இதழில், பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு காரியத்தை எழுதுகிறோம். நாங்கள் வார்டுக்குச் செல்லும்போது, டாக்டர் போன பிறகு, மனைவியும் அருகில் இல்லாத நேரம் பார்த்து, "ஐயா, ஒரு விஷயம் கேட்கலாமா?" என்று தாழ்ந்த குரலில் தொடங்குகிறவர்கள் உண்டு. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலில் ஆறாத புண்ணோடு வந்த ஒரு விவசாயியும் அப்படித்தான் கேட்டார். வயது ஐம்பது இருக்கும். ஐந்து வருடமாக அவருக்கு ஆண்குறி விறைப்பு இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டியைப் பார்த்து, லாட்ஜில் தங்கி வைத்தியம் செய்யும் ஒருவரிடம் போய், பசுமாடு விற்ற பணத்தைக் கொடுத்திருக்கிறார். லேகியம் கிடைத்தது, சர்க்கரை பரிசோதனை மட்டும் யாரும் செய்யவில்லை. "நானோ மருந்து என்று ஒன்று வந்திருக்கிறதாமே, நமக்குக் கிடைக்குமா?" என்பது அவருடைய கேள்வி.

விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் வேலை. நரம்புகளும் இரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது குழாய்களைத் தளர்த்துகிறது. இரத்தம் வந்து நிறைகிறது. இந்த வாயு இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் 1998-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். அதே ஆண்டில்தான் வயாகரா என்ற பெயரில் சில்டெனாஃபில் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

மாத்திரை அந்த வாயுவை உண்டாக்குவதில்லை. வாயு தொடங்கி வைத்த வேலை சீக்கிரம் ஓய்ந்துவிடாமல் காக்கிறது. நீரிழிவினால் நரம்பும் குழாயும் கெட்டு, வாயுச் சுரப்பே குறைந்தவர்களுக்கு அது பல சமயம் போதிய பலன் தருவதில்லை. உடல் முழுவதும் பரவுவதால் தலைவலியும் முகச்சிவப்பும் வரலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இம்மாத்திரையைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

வாயுவையே தேவையான இடத்தில் கொடுத்தால் என்ன? அது சில விநாடிகளில் மறைந்துவிடும் என்பதே சிக்கல். நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதை நானோ துகள்களுக்குள் அடைத்து வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். அந்த அளவில் எண்ணத்தக்க நுண்ணிய துகள்கள் இவை. அவற்றில் சேரும் பொருள்களில் ஒன்று கைட்டோசான். மரக்காணம் கடற்கரையில் நாம் ஒதுக்கித் தள்ளும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கக்கூடியது. ஈரம் பட்டதும் துகள் இளகி, வாயுவைச் சிறிது சிறிதாக விடுகிறது. வயதான எலிகளின் தோலில் தடவியபோது, பெரும்பாலானவற்றில் சில நிமிடங்களில் பலன் தெரிந்ததாக 2010-ம் ஆண்டு எழுதினார்கள்.

ஆனால் அது எலிகளில் நடந்த சிறிய சோதனை. இன்றுவரை நம் மருந்துக் கடைகளுக்கு அது வரவில்லை. ஆகவே அவருக்கு நாங்கள் சொன்ன பதில்: "கிடைக்காது. நானோ என்று சொல்லி யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்."

அதோடு இன்னொன்றும் சொன்னோம். ஆண்குறியின் இரத்தக் குழாய்கள் இருதயக் குழாய்களைவிடச் சிறியவை. ஆகவே பழுது பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கலாம். நீரிழிவும் இப்படித் தலைகாட்டலாம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், பக்கத்துப் புதுச்சேரியில் 26.3 சதவீதம். நம் விவசாயிக்குச் சர்க்கரை இருப்பது புண் வந்த பிறகே தெரிந்தது. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஐந்து வருடத்துக்கு முன் வாய் திறந்திருந்தால் அவை தப்பியிருக்கக்கூடும்.

வெட்கத்தின் விலை திண்டிவனத்துக்குப் புதிதல்ல. 1890-களில் இவ்வூரில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் தங்கள் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று கணவன்மார் மறுத்துவிட, மூவரும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடா ஸ்கடர் அம்மையாரை மருத்துவம் படிக்க அனுப்பியது. வேலூர் மருத்துவமனையும் அதிலிருந்தே பிறந்தது. மருத்துவர் பக்கத்திலேயே இருந்தும் வெட்கம் கதவை அடைத்தது. இன்று அதே கதவை ஆண்கள் தங்களுக்கே அடைத்துக்கொள்கிறார்கள்.

அன்பானவர்களே, உங்கள் சபையின் ஆண்கள் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். இக்குறை உள்ளவர் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பரிசோதிக்கட்டும். பீடி, சிகரெட்டை விடட்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் இது வரலாம். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லட்டும்.

டாக்டர் அந்த விவசாயியையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். அந்த அம்மா அழுதார்கள். "என்மேல்தான் வெறுப்பு என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்" என்றார்கள். இப்போது இருவரும் சேர்ந்தே மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிறார்கள்.