யாருக்கோ ஒரு டீ

சுங்கச்சாவடியில் பின்னால் வரும் காருக்கும் சேர்த்துக் காசு கட்டிவிட்டு, யார் எவர் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவது அமெரிக்காவில் சிலருக்கு ஒரு சந்தோஷம். சேலத்திலிருந்து சங்ககிரிக்கு வரும் வழியில், வைகுந்தம் சுங்கச்சாவடியில் அது இனி நடக்காது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதோடு அந்த வாய்ப்பும் போய்விட்டது. போனால் போகட்டும், காரில் போகிறவருக்கு அந்தக் காசு பெரிதில்லை. அதே காசு சங்ககிரியில் சாலையோர டீக்கடை ஒன்றில் போய்ச் சேர்ந்தால் கதையே வேறு. லாரியை நம்பி வாழும் ஊர் இது. லோடு கிடைக்காமல் காத்துக்கிடக்கும் வெளியூர் டிரைவர், படிக்காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் கிளீனர், முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை பார்த்துவிட்டு டீ சொல்லாமலே நகரும் பாட்டி என்று அங்கே பதினைந்து ரூபாய்க்கு மதிப்புத் தெரிந்தவர்கள் பலர். முன்பின் தெரியாதவருக்குச் சின்னத் தொகை கொடுக்க நினைப்பவர், கைக்குக் கை கொடுப்பதைவிட ஒரு கடைக்காரர் வழியாகக் கொடுப்பதே மேல் என்பது என் கட்சி.

இது புதிய யோசனை அல்ல. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் காப்பிக் கடைகளில் ஒரு காப்பி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுப்பது பழைய வழக்கம். கையில் காசில்லாதவர் பிறகு வந்து, யாராவது விட்டுப்போன காப்பி இருக்கிறதா என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போவார். நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில், 2015ல் ஆட்சியராக இருந்த என்.பிரசாந்த், ஓட்டல்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ‘ஆபரேஷன் சுலைமானி’ தொடங்கினார். பசித்தவர் கூப்பனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஓட்டலில் சாப்பாடு. செலவுக்குப் பொதுமக்கள் போடும் காசு. சென்னை பெசன்ட் நகரில் 2017ல் ஈசா ஃபாத்திமா ஜாஸ்மின் வைத்த, முடிந்தவர் உணவை வைத்துவிட்டுப் போக பசித்தவர் எடுத்துக்கொள்ளும் ‘ஐயமிட்டு உண்’ குளிர்பெட்டியும் ஏறக்குறைய இதே வழிதான். மூன்றிலும் கொடுத்தவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாது. கும்பிடு போட வேண்டியதில்லை, கதை சொல்லி இரக்கம் சம்பாதிக்க வேண்டியதில்லை. கடை வழியாகக் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: எதிரே தினமும் யார் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது, பஸ் வருவதற்குள் டீ குடித்துவிட்டு ஓடுகிற நம்மைவிடக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு சின்னத் தொகையால் என்ன ஆகிவிடும்? 2008ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், காலையில் சிலருக்கு 5 டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கும் மீதிப் பேரை அடுத்தவருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் விசாரித்தால், அடுத்தவருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது பெரிதாகத் தெரியவில்லை. சிகாகோவில் பனிச்சறுக்குத் திடலில் சூடான சாக்லேட் பானத்தை முகமறியாதவர்களுக்குக் கொடுக்க வைத்த இன்னோர் ஆய்வு 2022ல் வெளியானது. வாங்குபவர் எவ்வளவு மகிழ்வார் என்று கொடுத்தவர்கள் போட்ட கணக்கு, உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது. கொடுப்பவர் பொருளின் விலையைப் பார்க்கிறார். வாங்குபவருக்கோ யாரோ தன்னை நினைத்தார் என்பதுதான் முன்னால் நிற்கிறது. ஆனால் எல்லா ஆய்வையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. பொதுத் தொலைபேசியில் ஒரு காசு கிடைத்தவர்களில் 16க்கு 14 பேர் அடுத்தவருக்கு உதவினார்கள், கிடைக்காதவர்களில் 25க்கு ஒருவர்தான் உதவினார் என்று 1972ல் ஓர் ஆய்வு பிரபலமானது. பிறகு வேறு சிலர் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசத்தைக் காணோம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஊரே திருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

‘காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள்’ என்பது நம்மூரில் உடனே வரும் பதில். ஏழைகளுக்குப் பணமாகக் கொடுக்கும் திட்டங்கள் பற்றிய 19 ஆய்வுகளை உலக வங்கி ஆய்வாளர்கள் திரட்டிப் பார்த்தபோது, மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. அவை முறையாக நடந்த திட்டங்கள். பஸ் நிலையத்தில் நீட்டும் பத்து ரூபாயும் அதுவும் ஒன்றல்ல என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சந்தேகம் உள்ளவருக்கும் டீக்கடை வழி ஒத்துவரும். கடைக்காரரே அமுக்கிவிட்டால்? அமுக்கலாம்தான். போவது ஒரு டீக்காசு. தினமும் முகம் பார்த்துப் பழகிய கடையில் அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. வறுமையை ஒழிக்க ரேஷன் கடையும் சத்துணவும் நல்ல கூலியும் வேண்டும் என்பது சரியான வாதம். ஆனால் அவை வரும்வரை டீ வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. உண்மையில் எனக்குள்ள பயம் கேமரா மீதுதான். 2022ல் மெல்பேர்னில் ஒரு பெண்மணியின் கையில் பூங்கொத்தைத் திணித்து, அதைப் படம் பிடித்து இளைஞர் ஒருவர் வெளியிட்டார். தன்னை மனுஷியாகவே மதிக்கவில்லை என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். அங்கே கொடுத்தது பூ, எடுத்துக்கொண்டது அவருடைய முகம்.

சங்ககிரிக்காரர்களுக்குக் கொடைக்கதை புதிதல்ல. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்து ஏழைகளுக்குப் பங்கிட்டதாகச் சொல்லப்படும் தீரன் சின்னமலை, 1805ல் தூக்கிலிடப்பட்டது இந்த ஊர்க் கோட்டையில்தான். அது அரசாங்கப் பணம், பெரிய மனசு, பெரிய விலை. நாம் பேசுவது நம் சொந்தச் சட்டைப்பை. ஆடிப் பதினெட்டுக்கு அவர் நினைவாகக் கூட்டம் கூடும் நாளில் தொடங்கலாம், நாளைக் காலையிலும் தொடங்கலாம். டீயைக் குடித்து முடித்து ஜிபே பண்ணும்போது இன்னொரு டீக்கும் சேர்த்து அனுப்புங்கள். ‘அண்ணா, இல்லாதவங்க யாராவது வந்தா குடுங்க, பேரெல்லாம் கேக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.