மின்தடையும் ஜெனரேட்டரும்: உறவினர்கள் அறிய வேண்டியவை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. இத்தகைய வேளைகளில் மருத்துவமனைகளைத் தாங்குவது டீசல் ஜெனரேட்டரே.

அதன் இயந்திரத்தில் காற்று பெரும் அழுத்தத்தால் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் எரிந்து இயந்திரத்தைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. மின்தடை ஏற்பட்டபின் அது இயங்கி மின்சாரம் வழங்கச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வென்டிலேட்டர் போன்ற கருவிகளை மின்கலன்கள் இயக்குகின்றன. ஆகவே விளக்கு அணைந்தாலும் பதற வேண்டியதில்லை. கருவிகளின் இணைப்புகளைத் தொடவும் வேண்டாம்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் பயன்படுத்துவோர், நிரம்பிய சிலிண்டர் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். 1,500 லிட்டர் ஆக்சிஜன் கொண்ட சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் நீடிக்கும்.

ஜெனரேட்டர் வைத்திருப்போர், அதை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ சன்னலருகிலோ இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இவ்வேறுபாட்டை அறியாது. 98 என்றே காட்டக்கூடும். வீட்டிலுள்ள பலருக்கு ஒருசேரத் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால், கருவி காட்டும் அளவை நம்பிக் காத்திராமல் அனைவரும் உடனே வெளியேறி, 108-ஐ அழையுங்கள்.