பழைய கணிப்பொறிக்குப் புதுவாழ்வு: லினக்ஸ் பழகத் தொடங்கும் முறை

பஞ்சாயத்துக் காரியாலயத்தின் மூலையில் துணி போர்த்திய பழைய கணிப்பொறியைப் பல ஊர்களிற் காணலாம். 'விண்டோஸ் 10' இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுற்றது. 'விண்டோஸ் 11'ஐ ஏற்கும் தகுதி பல பழைய பொறிகளுக்கு இல்லை. அதனால் அவற்றைக் கழித்துவிடத்தான் வேண்டுமா? நுகத்தடி முறிந்ததென்று மாட்டை விற்போர் உண்டோ? நுகத்தடியை மாற்றினாற் போதுமன்றோ!

லினக்ஸ் யாது?

கணிப்பொறியின் உறுப்புகளை ஏவி வேலை வாங்கும் ஆணைத் தொகுதியே இயங்குதளம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 'யூனிக்ஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கினர். அதன் போக்கைப் பின்பற்றி, 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மூலக்கருவை வெளியிட்டார். இதை எவரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். நமது நாட்டின் சி-டாக் நிறுவனமும் இதன் அடிப்படையில் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை அமைத்துள்ளது.

முதலில் செய்ய வேண்டியவை

கணக்குகள், தீர்மானங்கள், படங்கள் அனைத்தையும் வேறொரு சாதனத்தில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இது விதைநெல்லைத் தனியே காப்பது போன்றது.

தொடக்கநிலையினர்க்கு 'லினக்ஸ் மின்ட்' ஏற்றது. அதற்குக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் தேவை, 4 ஜி.பி. இருப்பின் நலம். அதன் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதற்கென உள்ள செயலியைக் கொண்டு 8 ஜி.பி. பென் டிரைவில் பதியுங்கள். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பின்னர் அதிலிருந்தே பொறியை இயக்கலாம். 'நிறுவு' என்பதைத் தொடாதவரை வன்தட்டில் உள்ளவை மாறா.

இந்நிலையிலேயே தமிழ்த் தட்டச்சு, அச்சுப்பொறி, இணையம், மின்கையொப்பக் கருவி ஆகியவற்றைச் சோதித்துப் பாருங்கள். அரசுக் கணக்கிற்கு வேண்டிய செயலி விண்டோஸில் மட்டுமே இயங்குமாயின், அப்பொறியை மாற்றாதீர்கள்.

நான்கு ஆணைகள்

சுட்டியைக் கொண்டே பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம். எனினும், 'டெர்மினல்' சாளரத்தில் சில ஆணைகளைப் பழகுதல் நன்று. சிறிய ஆங்கில எழுத்துகளிலேயே அவற்றை இடவேண்டும். 'பி.டபிள்யு.டி.' என்பது பொதுப்பணித் துறையன்று. நாம் எந்த அடைவில் இருக்கிறோம் என்பதைக் கூறும் ஆணை. 'எல்.எஸ்.' அங்குள்ள கோப்புகளைப் பட்டியலிடும். 'சி.டி.' வேறு அடைவிற்கு அழைத்துச் செல்லும். 'சி.பி.' நகலெடுக்கும்.

'ஆர்.எம்.' என்னும் ஐந்தாவது ஆணையிடம் எச்சரிக்கை தேவை. அது கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது, நேரே நீக்கிவிடும். 'சூடோ' என்று தொடங்கும் ஆணை, பொறியின் தலைமை அதிகாரத்தைக் கையிலெடுப்பதாகும். பொருள் புரியாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

ஒரு வாரம் இவ்வாறு பழகுங்கள். ஊரில் கணினி பயிலும் மாணவர்களையும் துணைக்கு அழையுங்கள். யாவும் திருப்தியாக இயங்கினால், உரிய அதிகாரியின் அனுமதி பெற்று நிறுவலாம். கழிக்கவிருந்த பொறி, ஊர்ப் படிப்பகத்திலேனும் உழைக்குமாயின் அது பொதுப்பணத்தின் சேமிப்பே ஆகும்.