வரித் தீர்ப்புகளைத் தேடிப் படிப்போம்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு வரித்துறை நோட்டீசு என்றால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. கேட்டதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்போம் என்று எண்ணுபவர்களே அதிகம். அதே பிரச்சினை வேறொரு வியாபாரிக்கு வந்து, அவர் தீர்ப்பாயம் வரை சென்று வென்றிருக்கலாம். அது நமக்குத் தெரியாததால், கட்ட வேண்டாத பணத்தையும் கட்டி விடுகிறோம்.

விற்பனை வரிக் காலத்தில் இத்தகைய தீர்ப்புகள் வக்கீல், ஆடிட்டர் அலமாரிகளில் உள்ள தடித்த தொகுப்புகளில்தான் கிடைத்தன. 2007-ல் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. சட்டம் மாறியது போலவே தேடும் வழியும் மாறிவிட்டது. 2008 முதல் 'இந்தியன் கானூன்' என்ற இணையத் தேடுகருவி இயங்கி வருகிறது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், வருமான வரித் தீர்ப்பாயம், சுங்கம் மற்றும் கலால் தீர்ப்பாயம் ஆகியவற்றின் தீர்ப்புகளை அதில் கட்டணமின்றிப் படிக்கலாம். தென் கொரியாவில் பிரதமர் அலுவலகத்தின் கீழ் தனி வரித் தீர்ப்பாயம் உள்ளது. அதன் முடிவுகளைத் தேடித் தரவென்றே அங்கு மென்பொருள் எழுதுகிறார்கள்.

இதனால் நமக்கென்ன பயன்? நம் கடையில் உள்ள தேங்காய் எண்ணெயையே எடுத்துக் கொள்வோம். சிறு பாக்கெட்டில் அடைத்தால் அது சமையல் எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்பது வழக்கு. ஒரு பக்கம் சேலம் கலால் ஆணையர். மறுபக்கம் மதன் ஆக்ரோ நிறுவனம். தீர்ப்பாயம் வியாபாரிகள் பக்கமே தீர்ப்பளித்தது. துறை உச்ச நீதிமன்றம் சென்றது. 2018-ல் இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, பாக்கெட் சிறியது என்பதாலேயே அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது என்று முடிவு கூறி, துறையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஜி.எஸ்.டி.யில் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலைமுடி எண்ணெய்க்கு 18 சதவீதம் என்ற வேறுபாடு 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கி, இரண்டும் 5 சதவீதமாயின. ஆயினும் பழைய ஆண்டுகளுக்கு நோட்டீசு வந்தால் இத்தீர்ப்புதான் நமக்குத் துணை.

இன்னொன்று, நம்மில் பலரை வாட்டும் உள்ளீட்டு வரிப் பிரச்சினை. நாம் பில்லுடன் சரக்கு வாங்கி, வரியும் சேர்த்துப் பணம் கொடுத்து விடுகிறோம். விற்றவர் அரசுக்குக் கட்டவில்லை என்று நம்மிடம் மீண்டும் கேட்கிறார்கள். ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த டி.ஒய். பீத்தேல் நிறுவனத்தின் வழக்கில், 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவரிடம் மட்டும் வசூலிக்க முனைந்த உத்தரவை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கச் சொன்னது. ஆனால் 2023-ல் பாட்னா உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் வாங்கியவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனவே நமக்குச் சாதகமானதை மட்டும் படித்தால் போதாது. எதிரானதையும் படித்தால்தான் பதிலைச் சரியாகத் தயாரிக்க முடியும்.

தேடுவது கடினமல்ல. நோட்டீசில் உள்ள சட்டப் பிரிவு எண்ணையும், சரக்கின் பெயரையும் ஆங்கிலத்தில் இட வேண்டும். பின்னர் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் பிரித்து, புதியவை முதலில் வரும்படி வைத்துக் கொள்ளலாம். பள்ளி, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே இதைச் செய்து தருவார்கள்.

சில எச்சரிக்கைகளும் தேவை. முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்தின் முடிவு, அதைக் கேட்டு விண்ணப்பித்தவரையும் அவருக்குரிய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். நாம் எடுத்துக்காட்டும் தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறியுள்ளதா என்றும், அது எந்த ஆண்டுச் சட்டத்துக்கு உரியது என்றும் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத வழக்குகளைக்கூட இருப்பது போல் எழுதித் தருகின்றன. 2024 டிசம்பரில் வருமான வரித் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு வழங்கிய ஓர் உத்தரவிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, பின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எனவே மூலத் தீர்ப்பைக் கண்ணால் பார்க்காமல் எதையும் பதிலில் எழுதக் கூடாது.

எல்லாவற்றையும் விடக் காலக்கெடு முக்கியம். நோட்டீசுகள் பல நேரம் இணையதளத்தில் மட்டுமே ஏற்றப்படுகின்றன. வாரம் ஒருமுறையாவது நம் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். உத்தரவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம் கிடைக்கலாம். தாவாவிலுள்ள வரியில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்த ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பர் 24 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. நம் போன்ற சிறு வியாபாரிகள் ஒவ்வொரு தாவாவுக்கும் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டிய நிலை இதனால் குறையும்.

ஆடிட்டரும் வக்கீலும் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அவர்களிடம் வெறுங்கையோடு போகாமல், இரண்டு தீர்ப்புகளின் நகலோடு போவோம் என்கிறோம். நேர்மையாகக் கணக்கு வைத்து வரி கட்டும் வியாபாரி, தன் உரிமையையும் அறிந்திருந்தால் நோட்டீசைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.