உப்புக்காத்துல நிக்கற ஸ்போர்ட்ஸ் பைக்: பெயின்ட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?



பைக் லோன் வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "புது ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கறேன். ஷோரூம்ல செராமிக் கோட்டிங் போடச் சொல்றாங்க. லோன்லயே சேர்த்துக்கலாமாம். போடலாமா, வேண்டாமா?"

ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். ஆனா வண்டி எங்க நிக்குதுங்கறதைப் பொறுத்து பதில் மாறும். அதனாலதான் விரிவா எழுதறேன். முதல்ல என் சொந்த நஷ்டக் கணக்கு.

டேங்க் அடியில ஒரு கொப்புளம்

எங்க ஊர் பூவம். காரைக்கால்ல இருந்து தரங்கம்பாடி போற ரோட்டுல, நண்டலாறு பாலத்துக்கு முன்னாடி வர்ற ஊர். ஆத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி. கிழக்கே கடல்.

2014ல சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த கையோட ஃபேரிங் வச்ச ஒரு 150 சிசி பைக் எடுத்தேன். ஆன்ரோடு விலை 1,22,000 ரூபாய். ஒரே வருஷத்துல வேலை சென்னைக்கு மாறிடுச்சு. வண்டி ஊர்லயே நின்னுது. மாசம் ஒருமுறை வந்தா ஓட்டுவேன். மத்த நாள்ல அப்பாதான் பார்த்துக்கிட்டார். ரெண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டாரைப் போட்டு, துணி சோப்புத்தூள் கரைச்சு, போர் தண்ணியில கழுவி, மேல தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டி வைப்பார்.

2018ல விக்கலாம்னு மயிலாடுதுறையில ஒரு பழைய வண்டி வியாபாரிகிட்ட கொண்டு போனேன். அவர் மேல பளபளன்னு இருந்த ஃபேரிங்கைப் பார்க்கவே இல்ல. நேரா குனிஞ்சு டேங்கோட அடி ஓரத்தை விரலால தடவினார். வரிசையா கொப்புளம். ஒண்ணை நகத்தால சுரண்டினதும் பெயின்ட் உரிஞ்சு செம்மண் மாதிரி துரு கொட்டுச்சு. "ஏன் தம்பி, வண்டி கடலுக்குள்ள நின்னுச்சா?"ன்னு கேட்டார். 41,000 ரூபாய்தான் கொடுத்தார். துரு இல்லாம இருந்திருந்தா 55,000 கொடுத்திருப்பேன்னு அவரே சொன்னார்.

14,000 ரூபாய் நஷ்டம். அப்போ அது எனக்கு அரை மாச வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்த தொகை.

சம்பளக்காரங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கணும். தொழில் பண்றவர் வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினா, வருமான வரியில வருஷம் 15% தேய்மானம் கழிச்சுக்கலாம். மாசச் சம்பளம் வாங்கற நமக்கு அது கிடையாது. வண்டி மதிப்பு குறையற ஒவ்வொரு ரூபாயும் முழுசா நம்ம பாக்கெட்ல இருந்துதான் போகுது.

பெயின்ட் எங்க தோக்குது?

கம்பெனியில பெயின்ட் அடிக்கறது ஒரே அடுக்கு இல்ல. இரும்பு பாகத்தை முதல்ல சுத்தம் பண்ணி, பாஸ்பேட் பூச்சு கொடுப்பாங்க. ஃப்ரேம் மாதிரி பாகங்களை பெயின்ட் தொட்டியில முக்கி மின்சாரம் பாய்ச்சுவாங்க. அப்போதான் மூலை முடுக்கெல்லாம் பெயின்ட் போய் ஒட்டும். டேங்க் மாதிரி கண்ணுக்குத் தெரியற பாகத்துக்கு பிரைமர், அது மேல நிறம், கடைசியா கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் சுமார் 100 மைக்ரான்தான். அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு.

இந்த மெல்லிசான படலம் வெயிலையும் மழையையும் தாங்கும். ஆனா ஒரு கீறல் விழுந்தாலோ, டேங்க் அடியில மடிப்பு ஓரத்துல பெயின்ட் மெலிசா இருந்தாலோ உப்பும் ஈரமும் உள்ள போயிடும். இரும்பு துருவா மாறும்போது ரெண்டு மடங்குக்கு மேல இடத்தை அடைச்சுக்கும். அதனால பெயின்ட்டை அடியில இருந்து தள்ளும். நீங்க பார்க்கற கொப்புளம் அதுதான். மேல பாலீஷ் போட்டா அது போகாது.

ஃபேரிங் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, வெயில்ல வெளுக்கும், அவ்வளவுதான். அதனாலதான் ஸ்போர்ட்ஸ் பைக் ஏமாத்தும். கண்ணுக்குத் தெரியற பெரும்பகுதி பிளாஸ்டிக், அது நல்லாவே இருக்கும். டேங்க் அடி, ஃப்ரேம் வெல்டிங், போல்ட், ஸ்விங் ஆர்ம், சைடு ஸ்டாண்டு எல்லாம் ஃபேரிங்குக்குப் பின்னாடி அமைதியா அரிச்சுக்கிட்டு இருக்கும்.

கடலோர ஊர்ல கூடுதலா என்ன நடக்குது?

சாதாரண உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பூவம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கம் ராத்திரியில இந்த அளவு ஈரம் சர்வசாதாரணம். ஆக, மழையே பெய்யாட்டியும் வண்டி மேல படிஞ்ச உப்பு தினமும் ராத்திரி நனைஞ்சு உப்புத்தண்ணியா மாறுது.

இது சின்ன விஷயம் இல்ல. காரைக்குடியில இருக்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் கடற்காத்துல எப்படி அரிக்குதுன்னு பார்க்க மண்டபத்துல தனி சோதனை மையமே வச்சிருக்கு. பக்கத்துல இருக்கற பழைய பாம்பன் பாலம் 1914ல திறந்தது. உப்புக்காத்துல அதைக் காப்பாத்தறதே ரயில்வேக்கு பெரிய வேலையா இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல திறந்த புது பாலத்துக்கு பாலிசிலாக்சேன்ங்கற விசேஷ பெயின்ட் அடிச்சிருக்காங்க. கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருக்காங்க. ரயில்வேயே இவ்வளவு யோசிக்குதுன்னா, திண்ணையோரம் நிக்கற நம்ம பைக் என்ன பண்ணும்?

இப்போ அப்பா பண்ணினதைப் பாருங்க. கடலோரத்துல பல இடத்துல போர் தண்ணியே உப்பு. எங்க வீட்டுத் தண்ணியும் அப்படித்தான். அதுல கழுவிட்டு துடைக்காம விட்டா, தண்ணி காஞ்சு உப்பு மட்டும் மடிப்புல தங்கும். துணி சோப்புத்தூள் பெயின்ட் மேல இருக்கற மெழுகைக் கழுவி எடுத்துடும். கடைசியா ஈர வண்டியை தார்ப்பாய் போட்டு மூடினா, உள்ள ஆவி கட்டி நாள் முழுக்க ஈரம் காயாது. அவர் பாசமா பண்ணினது மூணும் வண்டிக்கு எதிரா வேலை செஞ்சுது. அவர் மேல தப்பு இல்ல. எனக்கே அப்போ இது தெரியாது.

செராமிக் கோட்டிங் கணக்கு

கோட்டிங் ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல. நல்லா போட்டா தண்ணி நிக்காம ஓடும், கழுவறது சுலபம், வெயில்ல வெளுக்கறது கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனா மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

ஒண்ணு, "9ஹெச் கடினம்"னு விளம்பரத்துல வர்றது பென்சில் கீறல் சோதனையோட அளவு. வைரத்தோட எல்லாம் சம்பந்தம் இல்ல. கல் தெறிச்சா கோட்டிங் தாங்காது. அதுக்கு பிபிஎஃப்னு சொல்ற தடிமனான ஒட்டும் படலம்தான் உதவும், விலையும் அதிகம்.

ரெண்டு, கோட்டிங்கை டேங்க் மேல்பக்கம், ஃபேரிங்ல போடுவாங்க. துரு ஆரம்பிக்கறது டேங்க் அடியில, போல்ட்ல, வெல்டிங்ல. அதாவது நோய் ஒரு இடத்துல, மருந்து இன்னொரு இடத்துல.

மூணு, லோன்ல சேர்த்தா விலை மாறும். கோட்டிங் 6,000 ரூபாய், வட்டி 11%, 36 மாசம்னு வச்சுக்கோங்க. ஈஎம்ஐ சுமார் 196 ரூபாய் கூடும். மொத்தம் கட்டறது சுமார் 7,070. "மாசம் 196 தானே சார்"னு சொல்லும்போது சின்னதா தெரியும். ஆனா கோட்டிங் மங்கின பிறகும் ஈஎம்ஐ ஓடிக்கிட்டு இருக்க வாய்ப்பு உண்டு.

என் பதில்: கையில காசு இருந்து, ஆசைக்காகப் போடறீங்கன்னா தாராளமா போடுங்க. லோன்ல சேர்க்காதீங்க. ரீசேல் விலை கூடும்னு நம்பிப் போடாதீங்க.

"இன்சூரன்ஸ் இருக்கே சார்?"

துரு, பெயின்ட் வெளுக்கறது இதெல்லாம் இயல்பான தேய்மானம். மோட்டார் பாலிசி அதுக்குப் பணம் தராது. விபத்து மாதிரி திடீர்னு வர்ற சேதத்துக்குத்தான் தரும்.

அதுலயும் சாதாரண பாலிசியில பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க. 7,000 ரூபாய் ஃபேரிங் உடைஞ்சா 3,500 உங்க கையில இருந்து போகும். ஸ்போர்ட்ஸ் பைக்ல பிளாஸ்டிக் நிறைய இருக்கறதால இது கடிக்கும்.

பெயின்ட்டுக்கு ஒரு தனி விதி இருக்கு, பலருக்குத் தெரியாது. பெயின்ட் பொருளோட விலைக்கு மட்டும்தான் 50% கழிக்கணும், கூலிக்கு இல்ல. பில்லுல பொருள், கூலி பிரிக்காம ஒரே தொகையா இருந்தா, அதுல 25% பொருள்னு எடுத்துப்பாங்க. உதாரணத்துக்கு 8,000 ரூபாய் பெயின்ட் பில்:

- ஒரே தொகையா இருந்தா: பொருள் 2,000. அதுல பாதி, 1,000 கழியும்.
- பொருள் 5,000, கூலி 3,000னு பிரிச்சிருந்தா: 2,500 கழியும்.

அதனால செட்டில்மென்ட் ஷீட் வந்ததும் இந்த வரியைப் பாருங்க. மொத்த பில்லுக்கும் 50% கழிச்சிருந்தா கேள்வி கேளுங்க. ஃபேரிங் வச்ச புது வண்டிக்கு ஜீரோ டெப் சேர்க்கறது கோட்டிங்கை விட நல்ல செலவுன்னு நான் நினைக்கறேன். அதே சமயம் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாதீங்க. என்சிபி போயிடும். அடுத்த வருஷ பிரீமியத்துல கிடைக்க வேண்டிய தள்ளுபடியையும் ரிப்பேர் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு. வேற நிறம் அடிக்கணும்னு ஆசை வந்தா, ஆர்சியில நிறம் பதிவாகி இருக்குங்கறதை மறக்காதீங்க. ஆர்டிஓவுல மாத்தாம விட்டா விக்கும்போதும் கிளைம்லயும் தலைவலி.

வருஷம் 1,500 ரூபாய்ல என்ன பண்ணலாம்?

1. வாரம் ஒருமுறை வண்டி ஷாம்பூல கழுவுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா, கடைசி ஒரு பக்கெட் மட்டும் நல்ல தண்ணி ஊத்துங்க.
2. கழுவினதும் மைக்ரோஃபைபர் துணியால துடைங்க. டேங்க் அடி, மூடியைச் சுத்தி, போல்ட் தலை எல்லாம். அப்புறம் பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, இடுக்குல இருக்கற தண்ணி காஞ்சிடும்.
3. மூணு மாசத்துக்கு ஒருமுறை மெழுகு. மேட் பெயின்ட்டா இருந்தா மெழுகும் பாலீஷும் வேண்டாம், திட்டுத்திட்டா பளபளக்கும். மேட்ல கீறலைத் தேய்ச்சு எடுக்கவும் முடியாது. வாங்கும்போதே யோசிச்சுக்கோங்க.
4. ஐப்பசி மழைக்கு முன்னாடி அடிப்பக்கம் போல்ட், ஸ்டாண்டு, ஃப்ரேம் மூட்டுக்கு துரு தடுப்பு ஸ்ப்ரே. பிரேக் டிஸ்க்ல, டயர்ல படவே கூடாது.
5. இரும்பு தெரியற கீறலை அந்த வாரமே டச்சப் பெயின்ட்டால மூடுங்க.
6. தார்ப்பாய் வேண்டாம். காத்து போற துணி கவர் போடுங்க, அதுவும் வண்டி காஞ்ச பிறகு.
7. மாசக்கணக்குல நிக்கப் போகுதுன்னா டேங்கை நிரப்பி வைங்க. காலி இடத்துல ஈரம் சேர்ந்தா உள்பக்கமும் துருப்பிடிக்கும்.

நாலு வருஷத்துக்கு 6,000 ரூபாய். எனக்குப் போனது 14,000.

பழைய வண்டி வாங்கறவங்களுக்கும் இதே பாடம்தான். அந்த வியாபாரி மாதிரி குனிஞ்சு பாருங்க. டேங்க் அடி மடிப்பு, முன் ஃபோர்க் குழாய்ல புள்ளி புள்ளியா அரிப்பு, ஃப்ரேம் வெல்டிங். ஒரு பாகம் மட்டும் புதுசா மின்னினா ஏன்னு கேளுங்க.

போன வருஷம் தம்பி ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்தான். அதுவும் பூவத்துலதான் நிக்குது. பார்த்துக்கறது இப்பவும் அப்பாதான். பழைய வண்டிக் கதையை நான் அவர்கிட்ட சொல்லல. ஒரு ஷாம்பூ பாட்டில், நாலு துணி, ஒரு துணி கவர் வாங்கிக் கொடுத்து, "கடைசி பக்கெட் குடிதண்ணிப்பா, அப்புறம் துடைச்சிடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். போன வாரம் போயிருந்தப்போ குனிஞ்சு டேங்க் அடியைத் தடவிப் பார்த்தேன். வழவழன்னு இருந்துச்சு.

உங்க வண்டி எந்த ஊர்ல நிக்குது, எத்தனை வருஷம் ஆச்சு, டேங்க் அடி எப்படி இருக்குன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஜீரோ டெப் யாருக்கு லாபம், யாருக்கு வீண்னு அடுத்த வீடியோவுல கணக்கோட பார்ப்போம்.