வெளுத்த பல்லும் பொறுத்த நாளும்

வீட்டில் ஒரு திருமணம் நிச்சயமாகிவிட்டால், இளையோரின் கவனம் தம் பற்களின்மீது செல்வது இயல்பு. பழுப்பேறிய பற்களை வெளுக்கச் செய்ய வேண்டும். முனை முறிந்த முன்பல்லையும் அடைத்துச் சீராக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாகாதா எனப் பெற்றோர் வினவுகின்றனர். ஆகாது என்பதே விடை. அதன் காரணத்தைச் சிறிது விளக்க விழைகின்றோம்.

பல்லின் நிறத்திலேயே அமையும் பிசின் அடைப்பு, பல்லோடு ஒட்டி நிற்பது எவ்வாறு? எனாமல் எனப்படும் பல்லின் வெளிப்பூச்சில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவினால், பிசின் அதனை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்பதை 1955-ஆம் ஆண்டில் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவ அறிஞர் காட்டினார். அமிலம் தோற்றுவிக்கும் நுண்குழிகளுக்குள் பிசின் வேர்போல் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகிவிடுகிறது. இவ்வேர்களே அடைப்பின் வலிமை.

பற்களை வெளுக்கச் செய்யும் மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. அல்லது அதனை வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடு. வீட்டில் இரவில் பயன்படுத்தப்பெறும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு, ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது. மருத்துவர் தம் அறையில் இடும் மருந்து இதனினும் பன்மடங்கு செறிவுடையது. இது எனாமலை ஊடுருவிச் சென்று கறைகளைச் சிதைக்கிறது. ஆனால் பணி முடிந்த பின்னரும் அதன் எச்சமும் பிராணவாயுவும் பல்லினுள் சில நாள் தங்கிவிடுகின்றன.

இடர் இங்கேதான் எழுகிறது. பிராணவாயு, பிசின் முழுமையாக இறுகுவதைத் தடுக்கும் இயல்புடையது. ஆகவே பிசின் வேர்கள் எண்ணிக்கையில் குறைந்து, நீளத்திலும் குறுகிப்போகின்றன. அன்று அழகுறத் தோன்றும் அடைப்பு, பின்னர் ஓரங்களில் கசிந்து கறை படியலாம், பெயர்ந்தும் விழலாம். பழி மருத்துவர்மீது விழும். பிழையோ நம் அவசரத்தினுடையது.

இதற்கு மருந்து காலமே. தங்கிய எச்சம் தானாகவே வெளியேறிவிடும். ஒட்டும் வலிமையும் மீளும். பொதுவாக இரண்டு வாரங்கள் பொறுத்திருக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். பற்களைச் சீராக்கும் கிளிப்பை ஒட்டுவதற்கும் இது பொருந்தும். வைட்டமின் சி-யின் உப்பாகிய சோடியம் அஸ்கார்பேட் கரைசல், இழந்த வலிமையை மீட்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் காத்திருத்தலே எளிய வழி.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. வெளுக்கும் மருந்து பல்லின் நிறத்தை மாற்றுமேயன்றி, பழைய அடைப்பின் நிறத்தை மாற்றாது. வெளுத்த பல்லின் நிறமும் சில நாள் கழித்தே நிலைபெறும். ஆதலின் சொத்தை இருப்பின் முதலில் தற்காலிகமாக அடைத்து, அடுத்து வெளுக்கச் செய்து, இரண்டு வாரம் பொறுத்து, இறுதியில் நிலையான அடைப்பை இடுதலே முறை. கடையில் வாங்கிய வெளுப்பு மருந்தை வீட்டிலேயே பயன்படுத்தியிருந்தால், அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும்.

பந்தலுக்கும் பட்டுக்கும் முன்னரே நாள் ஒதுக்கும் நாம், பல்லுக்கும் இரு மாதங்களுக்கு முன்பே நாள் ஒதுக்குவோம். பதறாத காரியம் சிதறாது அன்றோ?