கடன் வாங்காதவரை நம்பாத நாடு

அப்பாவின் சிபில் மதிப்பெண் 800-க்கு மேல். வீட்டுக் கடனிலும் சரி, வண்டிக் கடனிலும் சரி, ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை எம்.எஸ். படிக்க டெக்சாஸிலோ அரிசோனாவிலோ போய் இறங்கும்போது, அங்குள்ள வங்கிக் கணினிக்கு அவர் யாரென்றே தெரியாது. மதிப்பெண் குறைவு என்றால்கூடப் பரவாயில்லை. அவர் பெயரில் கடன் ஏடே இல்லை.

2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த சீனாவை இந்தியா அந்த ஆண்டில் முந்தியது. விசா நேர்காணலுக்கு என்ன சொல்ல வேண்டும், பெட்டியில் எத்தனை கிலோ பருப்பு வைக்கலாம் என்பதையெல்லாம் இந்த மாணவர்கள் மாதக்கணக்கில் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். முதல் கிரெடிட் கார்டை எந்த மாதம் கேட்பது, இரண்டாவதை எப்போது கேட்பது என்ற பேச்சு மட்டும் புறப்படும் முன் எந்த வீட்டிலும் வருவதில்லை. 'கார்டு கீர்டு எதுவும் வாங்கிடாதே' என்று சொல்லி அனுப்பும் வீடுகள்தான் அதிகம்.

அந்த அறிவுரையின் நியாயம் புரிகிறது. கடனில் விழுந்து எழ முடியாமல் போன யாராவது ஒருவரை எல்லாக் குடும்பமும் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் கார்டு நிலுவைக்கு ஆண்டு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டும் என்பதால் அந்தப் பயத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பயந்து, இரண்டு ஆண்டும் டெபிட் கார்டிலேயே காலம் தள்ளிய மாணவருக்குப் படிப்பு முடிந்ததும் வேறொரு சிக்கல் வருகிறது. டெபிட் கார்டுச் செலவு எதுவும் கடன் பதிவேட்டுக்குப் போகாது. வேலை கிடைத்து, புது ஊரில் வீடு பார்க்கும்போது, அபார்ட்மென்ட் நிர்வாகம் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கிறது. அது வெறுமையாக இருந்தால் கூடுதல் முன்பணம் கேட்கும், அல்லது வேறு ஒருவரின் உத்தரவாதம் கேட்கும். கார் கடனுக்கு வட்டி ஏறும். பல மாநிலங்களில் கார் இன்சூரன்ஸ் கட்டணமே கடன் வரலாற்றைப் பார்த்துத்தான் முடிவாகிறது. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற சில மாநிலங்கள் மட்டும் அதைத் தடுத்திருக்கின்றன.

இந்த ஏடில்லாத நிலை வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் உரியதும் அல்ல. எந்தக் கடன் பதிவும் இல்லாத வயதுவந்தோர் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

அங்கே பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது ஃபைகோ மதிப்பெண்ணை. ஃபேர் ஐசக் என்ற நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த கணக்கு இது. 300-இல் தொடங்கி 850 வரை போகும். தவணையை ஒழுங்காகக் கட்டியதற்கு 35 சதவீதம், கடன் வரம்பில் எவ்வளவைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10. கணக்குகளின் வயதும் புதிய கடன்களும் சேர்ந்தால் கால் பங்கு. அந்தக் கால் பங்கு முழுவதும் தேதியைப் பொறுத்தது. மாணவர் கையில் காசு குறைவு, ஆனால் முன்னால் இரண்டு ஆண்டு காலம் இருக்கிறது. அதை எந்த வரிசையில் செலவழிக்கிறார் என்பதுதான் கேள்வி.

ஃபைகோ மதிப்பெண் பிறக்கவே குறைந்தது ஒரு கணக்குக்கு ஆறு மாத வயதாகியிருக்க வேண்டும். அக்டோபரில் கார்டு வாங்கியவருக்கு ஏப்ரலில் எண் வரும். அடுத்த கோடையில், இன்டர்ன்ஷிப் முடிந்தபின் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டவருக்கு அது அடுத்த பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும். வேலை தேடலும் வீடு மாறலும் அவரை நெருங்கிவிட்ட நேரம் அது. ஆகவே முதல் கார்டு முதல் செமஸ்டரிலேயே வர வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

ஆனால் இறங்கிய அன்றே அது நடக்காது. பெரும்பாலான விண்ணப்பப் படிவங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். எஃப்-1 விசாவில் போகும் மாணவருக்கு அந்த எண் தானாக வராது. நூலகத்திலோ, உணவுக்கூடத்திலோ, பேராசிரியரிடமோ வளாக வேலை ஒன்று கிடைத்து, பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் கடிதம் தந்த பிறகுதான் அதைக் கேட்க முடியும். நாட்டுக்குள் வந்த விவரம் அரசுக் கணினிகளில் ஏற வேண்டும் என்பதால், பத்து நாள் கழித்து வரும்படி சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமே சொல்கிறது. செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. அந்தச் சம்பளம் சிறியது. இருந்தாலும் கார்டு விண்ணப்பத்தில் வருமானம் என்ற கட்டத்தில் நேர்மையாக எழுத ஓர் எண் அதனால் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில் கூட்டி எழுதச் சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வங்கியிடம் தெரிந்தே பொய் வருமானம் எழுதுவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். விசாவில் இருப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

வளாக வேலை கிடைக்காதவருக்கும் வழி உண்டு. சில வங்கிகள் பாஸ்போர்ட்டை வைத்தே விண்ணப்பம் வாங்கும். செக்யூர்டு கார்டு என்று ஒன்று இருக்கிறது. 200 டாலர் போல முன்பணம் கட்டினால் அதே அளவுக்கு வரம்பு தருவார்கள். இந்தியாவில் தன் பெயரிலேயே கடன் வரலாறு உள்ளவர்கள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுக் கடன் வரலாற்றைப் பார்க்கும் வழியை அந்த நிறுவனம் 2019-இல் தொடங்கியது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் கார்டு வாங்கியவர், எண் வந்ததும் அதை வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கட்டிய தவணைகள் சரியான ஏட்டில் போய்ச் சேராமல் போகலாம்.

இளநிலைப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் விதி உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரி வாசல்களில் மேஜை போட்டு, டி-ஷர்ட்டும் பீட்ஸாவும் கொடுத்து மாணவர்களிடம் கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 2009-இல் வந்த கார்டு சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 21 வயது நிரம்பாதவர் சொந்த வருமானம் காட்ட வேண்டும், அல்லது வேறொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். பொறுப்புக் கையெழுத்தைப் பெரிய வங்கிகள் பலவும் ஏற்பதில்லை என்பதால், 18 வயதில் போகிறவருக்கு வளாக வேலைதான் நடைமுறை வழி.

விண்ணப்பிக்கும் முறைக்கு வருவோம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி ஏட்டைத் திறந்து பார்க்கும். ஹார்டு இன்கொயரி எனப்படும் அந்தப் பார்வை ஏட்டில் இரண்டு ஆண்டு நிற்கும். ஃபைகோ கணக்கு முதல் 12 மாதம் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு ஒரு பார்வையால் குறைவது ஐந்து புள்ளிக்கும் கீழே என்று ஃபைகோ நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஏட்டில் வேறெதுவும் இல்லாதவருக்கு ஒவ்வொரு பதிவுமே பெரிதாகத் தெரியும். அதனால் முதலில் 'ப்ரீகுவாலிஃபை' பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. கார்டு கிடைக்க வாய்ப்பு உண்டா என்று அது சொல்லும், மதிப்பெண்ணைத் தொடாது.

அப்படியும் மறுப்பு வரலாம். மறுப்பு வந்த அன்றிரவே, ரோஷத்தில், இன்னும் மூன்று வங்கிகளில் விண்ணப்பித்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். முதல் வங்கி சொன்ன காரணம் அந்த மூன்று வங்கிக்கும் பொருந்தும். கூடவே புதிதாக ஒரு காரணமும் சேர்ந்துவிடும். மறுக்கும் வங்கி 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதத்துக்குக் காத்திருங்கள். வருமானம் போதவில்லை என்று இருந்தால் ஒரு வழி, வரலாறு போதவில்லை என்று இருந்தால் வேறு வழி. மறுப்புக்குக் காரணமான ரிப்போர்ட்டை 60 நாளுக்குள் இலவசமாகக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு.

முதல் கார்டு ஆண்டுக் கட்டணம் இல்லாததாக இருக்கட்டும். பத்து ஆண்டு வைத்திருக்கப் போகும் கார்டு அது. இரண்டாவதை மதிப்பெண் பிறந்த மறுநாளே கேட்க வேண்டியதில்லை. ஓராண்டு ஆகட்டும் என்பேன். கணக்கு எளிது. படிப்பு முடியும்போது முதல் கார்டுக்கு 24 மாதம், இரண்டாவதற்கு 12 மாதம் என்றால் சராசரி வயது 18 மாதம். அதே மாணவர் கடைசி மாதத்தில் ஆசைப்பட்டு மூன்று கார்டு வாங்கினால் சராசரி ஏழு மாதத்துக்குச் சரிகிறது. இரண்டு ஆண்டு பொறுத்ததன் பலனில் பெரும்பகுதி ஒரு மாதத்தில் போய்விடுகிறது.

கடையில் பில் போடும்போது, 'எங்கள் கடை கார்டு எடுத்தால் இன்றைக்கே 15 சதவீதம் தள்ளுபடி' என்பார்கள். குளிர்கால ஜாக்கெட் வாங்கும் நவம்பரில் இதற்குத் தலையாட்டாமல் வருவது கஷ்டம்தான். ஆனால் அதுவும் ஒரு விண்ணப்பம், அதுவும் ஒரு புதுக் கணக்கு. கடந்த 24 மாதத்தில் எந்த வங்கியிலானாலும் ஐந்து கார்டு திறந்தவருக்கு சேஸ் வங்கி பெரும்பாலும் கார்டு தருவதில்லை. வங்கி வெளியிட்ட விதியல்ல இது. விண்ணப்பித்தவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டது. முப்பது டாலர் தள்ளுபடிக்காக அந்த ஐந்தில் ஒன்றைக் கொடுக்கலாமா?

சீனியர்கள் அனுப்பும் ரெஃபரல் லிங்க் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் வழியாகக் கார்டு வாங்கினால் அனுப்பியவருக்கும் போனஸ் உண்டு. அதில் தவறில்லை, நல்ல மனதோடு அனுப்புகிறவர்களே அதிகம். ஆனால் அந்த லிங்க் வரும் தேதி அனுப்புகிறவருக்கு வசதியான தேதி. சேர்ந்து மூன்று வாரமே ஆன ஜூனியர், 'முதல் மூன்று மாதத்தில் 3,000 டாலர் செலவழித்தால் போனஸ்' என்கிற கார்டுக்கு விண்ணப்பிப்பதில் எந்தப் பொருளும் இல்லை. கிடைக்காது. கிடைத்தால் அதைவிட மோசம், அந்தத் தொகையைச் செலவழிக்கத் தோன்றும்.

கார்டு வந்த பிறகு கவனிக்க வேண்டிய தேதிகள் இரண்டு. ஸ்டேட்மென்ட் மூடும் தேதி ஒன்று, பணம் கட்டக் கடைசித் தேதி மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும். பெரும்பாலான வங்கிகள் பதிவேட்டுக்கு அனுப்புவது முதல் தேதியில் உள்ள பாக்கியை. மாணவர் கார்டின் வரம்பு 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்துக்கும் மளிகைக்கும் 420 டாலர் செலவு. கடைசித் தேதிக்குள் முழுவதும் கட்டிவிட்டார், ஒரு காசு வட்டியில்லை. ஆனாலும் பதிவேட்டில் 84 சதவீதம் பயன்படுத்தியவராகத்தான் தெரிவார். ஸ்டேட்மென்ட் மூடுவதற்கு இரண்டு நாள் முன்பே 380 டாலர் கட்டியிருந்தால் அது 8 சதவீதம்.

இதை மாதாமாதம் நினைத்துத் தூக்கம் கெடவும் வேண்டாம். இன்று பரவலாக உள்ள ஃபைகோ கணக்குகளுக்கு இந்த விகிதத்தில் பழைய ஞாபகம் கிடையாது. இந்த மாதம் குறைத்தால், அடுத்த பதிவில் மதிப்பெண் ஏறிவிடும். ஆகவே அடுத்த கார்டுக்கோ வீட்டுக்கோ விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய ஸ்டேட்மென்ட்டை மட்டும் குறைத்துக் காட்டினால் போதும்.

தாமதத்துக்கு இந்த மன்னிப்பு கிடையாது. 30 நாள் தாண்டிய ஒரு தவணை ஏழு ஆண்டு ஏட்டில் நிற்கும். மாணவர்களுக்கு இது நடப்பது பணமில்லாமல் அல்ல, ஊருக்கு வந்திருக்கும்போதுதான். டிசம்பர் நடுவில் செமஸ்டர் முடிந்து சென்னை வந்து, பொங்கல் வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கும் பிள்ளை, கார்டில் மாதம் பத்து டாலர் போகும் ஏதோ ஒரு சந்தாவை மறந்துவிடுகிறார். அமெரிக்க சிம் இங்கே வேலை செய்வதில்லை, வங்கியின் குறுஞ்செய்தி வருவதில்லை. விமானம் ஏறும் முன் ஆட்டோபே போட்டுவிட வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்று வைக்காமல், ஸ்டேட்மென்ட் பாக்கி முழுவதும் என்று வைக்க வேண்டும். குறைந்தபட்சம் கட்டினால் ஏடு கெடாது, மீதிக்கு வட்டி ஓடும்.

நம் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை ஒன்று பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்து ஏறிவிடுகிறது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்படி ஒரு வடிவம், வங்கியில் அப்பா பெயர் சேர்ந்து ஒரு வடிவம், கார்டில் இனிஷியலோடு இன்னொரு வடிவம் என்று போனால், ஒரே ஆளுக்கு இரண்டு ஏடு உருவாகலாம். வீடு ஆண்டுதோறும் மாறுவது அதற்குத் துணைபோகும். எல்லாப் படிவத்திலும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் பெயர் இருக்கட்டும். கடன் பதிவேட்டு நிறுவனங்களான எக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் வாரம் ஒருமுறை ரிப்போர்ட்டை இலவசமாகத் தருகின்றன. முதல் கார்டுக்கு ஆறு மாதமானதும் மூன்றையும் எடுத்துப் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தவறு இருந்து, திருத்தக் கேட்டால், அந்த நிறுவனங்கள் வழக்கமாக 30 நாளுக்குள் விசாரித்தாக வேண்டும்.

வேலைக் கடிதம் வந்த வாரத்தில் பெரிய போனஸ் கார்டுகள்மேல் கண் போகும். அதற்கு முன் புது ஊரில் வீட்டுக் குத்தகையும், கார் வேண்டுமென்றால் அந்தக் கடனும் முடியட்டும். அவற்றுக்கு முந்தைய ஆறு மாதம் புதுக் கார்டே கேட்காமல் இருப்பது நல்லது. கார் கடனுக்குப் பல இடங்களில் வட்டி விசாரித்தாலும், இரண்டு வாரத்துக்குள் முடித்தால் ஃபைகோ அதை ஒரே விசாரிப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். கார்டு விண்ணப்பங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. மாணவர் கார்டை அப்போது மூடிவிட வேண்டாம். அதே கணக்கைச் சாதாரணக் கார்டாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். பல வங்கிகள் மாற்றித் தருகின்றன. பழைய தேதி அப்படியே தொடரும்.